பூங்காவின் எல்லை நகர்ந்தால் தோட்டத்தில் என்னென்ன நகரும்

தேசிய பூங்காவின் எல்லையை மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தவுடன் இலங்கையின் மலையகத்தில் எல்லோரும் கேட்பது "எத்தனை ஏக்கர் போகுது?" என்றுதான். ஏக்கர் கணக்கு கடைசியில் தானாக வந்துவிடும். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. அந்தக் காணியை எந்த வகைக்குள் போடப்போகிறார்கள்? வர்த்தமானியின் (அரச இதழின்) அட்டவணையில் எல்லையை எந்தச் சொற்களால் எழுதப்போகிறார்கள்? காடும் லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகளும்) கோயிலும் தண்ணீர்ப் பீலியும் கோட்டின் எந்தப் பக்கம் விழும் என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. வர்த்தமானி வெளியான பிறகு இவற்றை மாற்றுவது மிகக் கடினம். வரைவு நிலையில் இருக்கும்போது மாற்றுவதற்கு ஒரு கடிதமும் ஒரு பழைய நிலப்படமும் இரண்டு நாள் நடையும் போதுமாக இருக்கலாம்.

முதலில் வகையைப் பார்ப்போம். இலங்கையில் இந்த வேலை 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின் கீழ் நடக்கிறது. அமைச்சர் வர்த்தமானியில் கட்டளையை வெளியிட்டு, குறித்த ஓர் அரச காணியைத் தேசிய ஒதுக்காகப் பிரகடனம் செய்வார். தேசிய ஒதுக்கு என்பது பொதுப் பெயர். கடும் இயற்கை ஒதுக்கு, தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கு, காட்டு இடைவழி எனப் பல வகைகள் அதற்குள் அடங்கும். சரணாலயம் இதற்கு வெளியே நிற்கிறது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், தேசிய ஒதுக்குக்குள் இருக்க முடியாது.

நம்முடைய மலைகளிலேயே இவற்றில் பலவற்றுக்கு உதாரணம் உண்டு. ஹக்கலைக் காடு 1938 இலிருந்து கடும் இயற்கை ஒதுக்கு, ஆராய்ச்சிக்காக அனுமதி பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. ஹோர்ட்டன் சமவெளி 1969 டிசம்பரில் இயற்கை ஒதுக்காகி, 1988 மார்ச்சில் தேசிய பூங்காவாக உயர்ந்தது. பரப்பு 3,160 ஹெக்டேயர். நுவரெலியா நகரத்தை ஒட்டிய கல்வேஸ் லேண்ட் 1938 இல் சரணாலயமாகி, 2006 இல் தேசிய பூங்காவானது. சிவனொளிபாதமலை வனப்பகுதி 1940 இல் சரணாலயமாக்கப்பட்டது, அதன் ஒரு பகுதி 2007 இல் இயற்கை ஒதுக்காக மாற்றப்பட்டது. காடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அதைச் சுற்றியிருப்பவர்களுக்குப் பொருந்தும் சட்டம்தான் மாறியது.

"அரச காணி மட்டும்தானே, தோட்டத்துக்கு ஒன்றும் வராது" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பிறகு பெருந்தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி அரச காணி. 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது நிர்வாகமும் குத்தகையும்தான். குத்தகைக் காலம் 53 ஆண்டு. காணியின் உரித்து ஜனவசமவிடமோ (மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமோ) பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமோ காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடமோ இருக்கிறது. எனவே தேயிலை மலைக்கு மேலே "ரிசேர்வ்" என்று விட்டு வைத்திருக்கும் காட்டுத் துண்டையோ, கைவிடப்பட்டு மானாப் புல் மண்டிய தேயிலையையோ பூங்காவோடு சேர்ப்பதற்குச் சட்டத்தில் தடை கிடையாது. குத்தகைக்காரர் அந்தத் துண்டை விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பேச்சு கம்பனிக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் இடையில் கொழும்பில் முடிந்துவிடும். உரித்துப் பத்திரம் இல்லாமல் லயத்தில் இருக்கும் குடும்பம் அந்தக் கோப்பில் உரிமையாளராகவும் வராது, குத்தகைக்காரராகவும் வராது. படத்தில் அது ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். ஆகவே யார் கேட்பார்கள் என்று காத்திருக்காமல் நாமே எழுத்தில் போய் நிற்க வேண்டும்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத ஒரு மைல் விதி. கட்டளைச் சட்டத்தின் 9அ பிரிவு 1993 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கத் திருத்தத்தோடு வந்தது. தேசிய ஒதுக்கு ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலையைச் செய்வதானாலும், செய்வது அரச நிறுவனமாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், வனசீவராசிகள் பாதுகாப்புப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். விண்ணப்பத்தோடு சூழல் ஆய்வு அறிக்கையும் கேட்கப்படும். வீடமைப்புத் திட்டம், வீதி, சிறு நீர்மின் திட்டம், சுற்றுலா விடுதி எதுவும் இதற்கு விலக்கல்ல. சரணாலயத்துக்கு இந்த விதி பொருந்தாது, ஏனெனில் அது தேசிய ஒதுக்கு அல்ல. வனக் கட்டளைச் சட்டத்தின் கீழுள்ள ஒதுக்குக் காட்டுக்கு வேறொரு கணக்கு: தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூனில் வந்த 772/22 இலக்க வர்த்தமானி அதன் எல்லையிலிருந்து 100 மீற்றரைத்தான் குறிக்கிறது. ஆகவே ஒதுக்குக் காடு ஒன்றைத் தேசிய பூங்காவோடு சேர்க்கும்போது, ஒரு மரமோ ஒரு கல்லோ இடம் மாறாமலே, வெளியே இருப்பவர்கள் அனுமதி கேட்க வேண்டிய தூரம் 100 மீற்றரிலிருந்து 1,609 மீற்றராக நீள்கிறது.

இதன் அளவை ஒரு சின்னக் கணக்கு காட்டும். ஹோர்ட்டன் சமவெளியின் 31.6 சதுரக் கிலோமீற்றரை ஒரு வட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வரும். அதைச் சுற்றி ஒரு மைல் அகலத்தில் வளையம் போட்டால் அந்த வளையத்தின் பரப்பு ஏறக்குறைய 40 சதுரக் கிலோமீற்றர், அதாவது பூங்காவை விடப் பெரிது. உண்மையான எல்லை வட்டமல்ல, நெளிந்து போகிறது. ஆகவே வளையம் இதைவிடக் கூடத்தான் இருக்கும். சின்னப் பூங்காவில் வித்தியாசம் இன்னும் பெரிது. கல்வேஸ் லேண்ட் 30 ஹெக்டேயருக்கும் குறைவு, ஆனால் அதே முறையில் கணக்கிட்டால் வளையம் ஏறத்தாழ 1,100 ஹெக்டேயர். அதற்குள் நுவரெலியா நகரத்தின் ஒரு பெரிய துண்டே விழுகிறது. "பூங்காவுக்கு இருபது ஏக்கர்தான் சேர்க்கிறோம்" என்று யாராவது சொன்னால், அந்த இருபது ஏக்கர் எந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கேளுங்கள். உள்ளே ஒடுங்கிய மூலையில் சேர்த்தால் வளையம் அவ்வளவாக மாறாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கில் சேர்த்தால் பக்கத்துத் தோட்டத்தின் மூன்று டிவிசனும் (பிரிவும்) வளையத்துக்குள் வந்துவிடலாம்.

அந்த ஒரு மைலைப் படத்தில் கிடையாகத்தான் அளப்பார்கள், நடக்கும் தூரத்தில் அல்ல. ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவில் பாறை விளிம்பிலிருந்து கீழே ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம். அங்கிருந்து பார்த்தால் தெரியும் தோட்டத்துக்குப் பாதை வழியாகப் போவதென்றால் பல மைல். படத்திலோ அது எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒஹிய, பட்டிப்பொல, டயகம, அக்கரப்பத்தனை பக்கங்களிலும் செங்குத்துச் சரிவுகளுக்குக் கீழே இருப்பவர்கள் "நாங்க ரொம்ப தூரம்" என்று நினைத்துக்கொள்ளாமல் படத்தில் கவராயம் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி அட்டவணை. பூங்காவின் சட்ட எல்லை என்பது வர்த்தமானியின் அடியில் அச்சாகும் வாசகம். வாசகம் நில அளவைப் படத்தைக் குறிப்பிட்டிருந்தால் அந்தப் படமும் சேர்ந்து எல்லையாகிறது. பழைய கட்டளைகளில் பெரும்பாலும் சொற்கள்தான்: இன்ன திரிகோண நிலையத்தில் (நில அளவைக் குறியில்) தொடங்கி, இன்ன முகடு வழியாக, இன்ன ஓயாவை (ஆற்றை) சந்திக்கும் இடம் வரை, அதன் இடது கரை வழியே மேல்நோக்கி, இப்படியே சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடியும். இதை மேசையில் வைத்து விரலால் பின்தொடர்வதில் பயனில்லை. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் படத்தில் பென்சிலால் கோடு போட்டு வரவேண்டும். கோடு தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி வராவிட்டால் வாசகத்தில் பிழை இருக்கிறது. திசைக்கோணம் ஒரு பாகை தவறினால் ஒரு கிலோமீற்றரில் பதினேழரை மீற்றர் விலகும். ஒரு லயமே அந்த விலகலுக்குள் போய்விடும்.

ஓயாவின் கரையில் தவறுபவர்கள் அதிகம். இடது கரை, வலது கரை என்பது தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று சொல்வது. அட்டவணை "இடது கரை வழியே மேல்நோக்கி" என்று சொன்னால், மேல்நோக்கி நடப்பவருக்கு அந்தக் கரை வலது கைப் பக்கம் இருக்கும். கரை என்று எழுதினால் ஓயா முழுவதும் ஒரு பக்கத்துக்குச் சேரும். ஓயாவின் நடு என்று எழுதினால் பாதி பாதி. தோட்டத்தின் தண்ணீர் அந்த ஓயாவில் இருந்தால் இந்த ஒரு சொல்லுக்காகவே கடிதம் எழுதலாம். முகடு நல்ல எல்லை. நீர் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரியும், எளிதில் இடம் மாறாது. உயரக் கோடு மோசமான எல்லை. "5,000 அடி உயரக் கோடு வழியே" என்று எழுதியிருந்தால் தரையில் நின்று யாராலும் அதைக் காட்ட முடியாது. தோட்டப் பாதை அதைவிட மோசம், பத்து வருடத்தில் வேறு வளைவில் போகும். "தேயிலை முடியும் இடம்" என்று எழுதுவது எல்லாவற்றிலும் மோசம், கன்று நட நட அது மேலே ஏறிக்கொண்டே போகும்.

பெயர்களையும் சரிபாருங்கள். அட்டவணையில் வருவது நில அளவைத் திணைக்களத்தின் படத்திலுள்ள பெயர். தோட்டத்தில் வழங்கும் பெயர் அங்கே பெரும்பாலும் இருக்காது. மேற்பிரிவு, ஆறாம் நம்பர் மலை, மேட்டு லயம் என்றெல்லாம் கடிதத்தில் எழுதினால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) யாருக்கும் விளங்காது. படப் பெயரையும் துண்டு இலக்கத்தையும் எழுதி, அதற்குப் பக்கத்தில் நம்முடைய பெயரையும் எழுத வேண்டும்.

படத்திலும் சில பொறிகள் உண்டு. 1:50,000 படத்தில் அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கோடு தரையில் 25 மீற்றர். பழைய ஓர் அங்குலப் படத்தில் அதே கோடு 32 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தடிப்புக்குள் எதைத் தேடுவது? ஆகவே சின்ன அளவுத்திட்டப் படத்தை வைத்து "உள்ளே", "வெளியே" என்று சண்டை பிடிக்க வேண்டாம். நில அளவையாளர் நாயகத்தின் பூர்வாங்கப் படத்தைக் கேளுங்கள், பேச்சுவழக்கில் பீபீ பிளான். அதில் துண்டு இலக்கமும் ஒவ்வொரு துண்டின் பரப்பும் இருக்கும்.

ஓர் இடத்தை இரண்டு எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறை இன்னொரு பொறி. இலங்கையின் தேசியக் கட்டத்துக்கு மூலம் நம்முடைய பிதுருதலாகல மலைதான். பழைய முறையில் அந்தப் புள்ளிக்கு 200,000, 200,000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள், எஸ்எல்டி 99 என்ற புதிய முறையில் 500,000, 500,000. எண்ணைப் பார்த்தவுடன் எந்த முறை என்று கண்டுபிடித்துவிடலாம். குழப்பம் வருவது கைப்பேசியில். கைப்பேசியின் ஜீபிஎஸ் தருவது டபிள்யூஜீஎஸ் 84 முறையிலான அகலாங்கும் நெட்டாங்கும். அதை உரிய மாற்றம் செய்யாமல் கண்டவலை என்ற பழைய அளவை அடிப்படையிலான படத்தில் குறித்தால் புள்ளி பல நூறு அடி கிழக்கு மேற்காகத் தள்ளி விழும். பூங்காவுக்குள் இருக்கும் ஊற்று வெளியே இருப்பதாகத் தெரியும், அல்லது மறுபக்கமாக. வெட்டவெளியில் கைப்பேசி ஐந்து முதல் பத்து மீற்றர் வரை சரியாகச் சொல்லும். மரத்தடியிலும் ஒடுங்கிய பள்ளத்திலும் அதை நம்ப முடியாது. ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று, வெவ்வேறு நேரங்களில் சில முறை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் புள்ளிகள் நம்முடைய முறைப்பாட்டுக்குச் சான்று. எல்லையைத் தீர்மானிக்க நில அளவையாளரின் கருவிதான் வேண்டும்.

சரிவும் கணக்கைக் குழப்பும். படத்திலுள்ள நீளம் எல்லாம் கிடைநீளம். 30 பாகைச் சரிவில் தரையோடு நாடா போட்டு 100 மீற்றர் அளந்தால் படத்தில் அது 86.6 மீற்றர்தான். "எங்க ஆளுங்க அளந்தது வேற, சர்வேயர் காட்டுறது வேற" என்ற தகராறுகள் பலவற்றுக்கு இதுதான் காரணம். அதில் ஏமாற்று ஏதுமில்லை. பழைய தோட்டப் படங்கள் சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், ஹெக்டேயருக்கு 2.47 ஏக்கர். மூன்று அலகுகளும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும், எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி எழுதிவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும்.

இவ்வளவும் தயாரானதும் எல்லையை நடந்து பார்க்க வேண்டும். கிராம சேவகரையும், தோட்ட நிர்வாகத்தில் ஒருவரையும், முடிந்தால் வனசீவராசி அலுவலர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. வயதானவர் ஒருவர் கட்டாயம் வேண்டும், பழைய எல்லைக் கல் எங்கே நட்டது என்று அவருக்குத்தான் தெரியும். நடக்கும்போது குறிக்க வேண்டியவை படத்தில் வராதவை. தண்ணீர்தான் முதலில். பெரும்பாலான லயங்களுக்குத் தண்ணீர் மேலே காட்டு ஊற்றிலிருந்து குழாய் வழியாக, பம்ப் இல்லாமல், சரிவிலேயே இறங்கி வருகிறது. ஊற்று, அதைத் தேக்கும் தொட்டி, குழாய் போகும் வழி, பழுது பார்க்கப் போகும் ஒற்றையடிப் பாதை ஆகிய நான்கையும் தனித்தனியாகக் குறியுங்கள். பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். மழைக்காலத்தில் தொட்டியில் சருகு அடைத்தால் அனுமதிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க முடியுமா? அடுத்து, காட்டோரத்து முனியாண்டி, மாடசாமி, காளி கோயில்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள் திருவிழா என்றாலும் அந்த ஒரு நாளுக்கான வழியும் ஆட்களும் எழுத்தில் இருக்க வேண்டும். சுடுகாடு, டிவிசனுக்கு டிவிசன் போகும் குறுக்குப்பாதை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி, மாட்டுக்குப் புல் அறுக்கும் இடம், விறகு பொறுக்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். விறகையும் புல்லையும் மறைக்க வேண்டாம். மறைத்தால் கோடு அவற்றுக்கு மேலாகவே போகும், பிறகு விறகுக்கட்டோடு பிடிபடுவது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும்.

ஊற்று விஷயத்தில் என் கருத்து உறுதியானது. தோட்டத்துச் சங்கங்கள் பெரும்பாலும் "எங்க ஊத்தை வெளிய விடுங்க" என்று எழுதுகின்றன. அது தப்பு. ஊற்று வெளியே நின்றால் அதற்கு மேலுள்ள காடும் வெளியே நிற்கும். அடுத்த சில வருடத்தில் அங்கே லீக்ஸ் பாத்தி வரும், ஊற்று வற்றும், வற்றாவிட்டால் அதில் மருந்து கலக்கும். கேட்க வேண்டியது இப்படி: ஊற்றும் அதற்கு மேலுள்ள நீரேந்து காடும் பூங்காவுக்குள் இருக்கட்டும், எல்லைக் கோடு ஊற்றுக்கும் தொட்டிக்கும் நடுவில் போகட்டும், தொட்டியும் குழாயும் நம் பக்கம் இருக்கட்டும். தொட்டி ஊற்றின் வாயிலேயே கட்டியிருந்தால், கோடு போடுவதற்கு முன்பே தொட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டுவது பத்து வருட அலைச்சலை மிச்சப்படுத்தும். கோயிலையும் சுடுகாட்டையும் "இன்ன துண்டு நீங்கலாக" என்று அட்டவணையில் விலக்கி எழுதக் கேட்கலாம். பூங்காவுக்கு நடுவில் தீவு தீவாக விலக்குக் கேட்காதீர்கள். ஒவ்வொரு தீவும் எல்லையின் நீளத்தைக் கூட்டும், காவலுக்கு இருக்கும் ஆட்களோ அதே சிலர்தான். கம்பிச் சுருக்கு வைப்பவர்களுக்கு வசதியானது அப்படிக் கிழிந்த எல்லைதான். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்துச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பி யார் கழுத்து என்று பார்க்காது.

பழகிய பயன்பாடு அதிகமுள்ள இடமாக இருந்தால் வகையை மாற்றிக் கேட்பதும் ஒரு வழி. வழக்கமாக இருந்துவரும் பாரம்பரிய நடவடிக்கைகள் தொடர்வதற்கு இயற்கை ஒதுக்கில் இடமுண்டு. தேசிய பூங்காவில் அது மிகவும் குறைவு. ஹோர்ட்டன் சமவெளியின் மேற்குக் காடு சிவனொளிபாதமலைக் காட்டோடு தொடர்கிறது. அந்தத் தொடர்ச்சி அறுந்தால் இழப்பு சிறுத்தைக்கும் மரைக்கும் மட்டுமல்ல. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அந்தச் சமவெளியில்தான். மேகம் தொட்டுப் போகும் காடு இலையில் பனியைப் பிடித்துச் சொட்டவிட்டு ஓடையை நிரப்புகிறது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னது 1873 இல். அந்த ஆலோசனை ஏற்கப்பட்டிராவிட்டால் இன்று நம் தேயிலைக்கு மேலே காடு என்று ஒன்று இருந்திருக்காது. ஆகவே முகட்டுக் காடுகளைச் சேர்ப்பதற்கு ஆதரவாகவே நாம் எழுத வேண்டும், கோடு எங்கே இறங்குகிறது என்பதில் மட்டும் கறாராக இருந்துகொண்டு.

எல்லையைச் சுருக்குவது வேறு கதை. பரப்பைக் குறைக்கும் அல்லது ஒதுக்கையே நீக்கும் கட்டளைக்கு முன், அந்த மாற்றத்தின் சூழலியல் விளைவுகளை ஆராயும் ஆய்வு ஒன்று நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2024 மே மாதத்தில் மன்னார்ப் பக்கம் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிலிருந்து 168 ஹெக்டேயரை நீக்கி வர்த்தமானி வந்தபோது சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன, உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைக்காலமாக நிறுத்தியது. யாராவது மலையகத்தில் "கொஞ்சம் விடுவித்தால் வீடு கட்டலாம், மரக்கறி போடலாம்" என்று வாக்குக் கொடுத்தால், ஆய்வு அறிக்கை எங்கே என்று முதலில் கேளுங்கள். அறிக்கை இல்லாத விடுவிப்பை நம்பி அத்திவாரம் வெட்டிய குடும்பம்தான் கடைசியில் வழக்கில் மாட்டும். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை, நக்கிள்ஸ் மூன்றும் 2010 இலிருந்து மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. மரபுரிமை எல்லையையும் சேர்த்து மாற்றுவதானால் சிறிய மாற்றத்துக்கே பெப்ரவரி 1 க்கு முன் யுனெஸ்கோவுக்கு விண்ணப்பம் போக வேண்டும், பெரிய மாற்றம் புதிய நியமனமாகவே கணக்கிடப்படும்.

காகிதங்களைத் திரட்ட 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். தமிழிலேயே எழுதலாம். "எல்லை பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. வரைவு அட்டவணை, அது குறிப்பிடும் பூர்வாங்கப் படத்தின் இலக்கமும் பிரதியும், குத்தகைக் காணி விடுவிப்பு பற்றிய கடிதங்கள், சூழலியல் ஆய்வு அறிக்கை, பிரதேச செயலாளர் அனுப்பிய கருத்து என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வனசீவராசிகள் திணைக்களம், நில அளவைத் திணைக்களம், பிரதேச செயலகம் மூன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம் போடுங்கள். ஒன்று இல்லை என்று சொல்வதை இன்னொன்று தந்துவிடும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தருவதென்றால் அடுத்த 14 நாட்களுக்குள், தேவைப்பட்டால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. கூட்டிப் பார்த்தால் முதல் காகிதம் கைக்கு வரவே இரண்டு மாதம் போகலாம். பேச்சு காதில் விழுந்த வாரத்திலேயே விண்ணப்பத்தைப் போடச் சொல்வது இதனால்தான்.

நம்முடைய கருத்துக் கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அட்டவணையில் இப்போது இருக்கும் வாக்கியம், அதற்குப் பதிலாக வரவேண்டிய வாக்கியம், காரணம் ஒரு வரி, புள்ளியின் ஆயத்தொலைவு, ஒரு படம் இருந்தால் போதும். மாற்று வாக்கியத்தை நாமே எழுதிக் கொடுத்தால் அலுவலருக்கு வேலை குறையும், அது அப்படியே ஏறுவதற்கும் வாய்ப்பு உண்டு. "எங்கள் மக்களின் வாழ்வாதாரத்தைப் பாதிக்காத வண்ணம்" என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்து எந்த நில அளவையாளரும் எந்தக் கல்லையும் நகர்த்த மாட்டார். பிரதேச செயலாளர், மாவட்டச் செயலாளர், பணிப்பாளர் நாயகம், பெருந்தோட்டக் கம்பனி நால்வருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வர்த்தமானி வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். திருப்பு முனை ஒவ்வொன்றிலும் இலக்கமிட்ட கொங்கிறீட் கல் நடுவார்கள். ஒரு கல்லில் நின்றால் அடுத்த கல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நடுவில் இன்னொன்று கேளுங்கள், எல்லைத் தகராறுகள் பெரும்பாலும் அந்தத் தெரியாத இடைவெளியில்தான் தொடங்குகின்றன. நட்ட அன்றே ஒவ்வொரு கல்லையும் இலக்கம் தெரியும்படி படம் எடுத்து, பக்கத்திலுள்ள நிலையான பாறையிலிருந்து எத்தனை மீற்றர், எந்தத் திசை என்று எழுதி வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாடெங்கும் ஏற்பட்ட மண்சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கான காரணத்தை விளக்கத் தேவையில்லை: கல் சரிவோடு இறங்கும், ஓடையும் புதுத் தடம் பிடிக்கும். கல் நகர்ந்தால் எல்லை நகராது, அது அட்டவணையிலும் படத்திலும் இருக்கிறது. சரிந்த கல்லைத் தோட்டத்து ஆட்கள் தூக்கிப் பழைய இடம் என்று நினைக்கும் இடத்தில் நடக் கூடாது, அது குற்றமாகப் பார்க்கப்படும். இலக்கத்தையும் படத்தையும் வைத்து மாவட்ட நில அளவை அலுவலகத்துக்கும் வனசீவராசி அலுவலகத்துக்கும் எழுதி, அவர்கள் வந்து நடும் நாளில் கிராம சேவகரோடு போய் நில்லுங்கள். சரிவுக்குப் பிறகு மாற்று வீட்டுக்கு இடம் பார்க்கும்போதும் அந்த ஒரு மைல் வளையத்தைப் படத்தில் வரைந்து வைத்துக்கொண்டே பாருங்கள். இடம் தெரிவான பிறகு அனுமதிக்கு ஓடுவதை விட, தெரிவுப் பட்டியலோடு சேர்த்தே பணிப்பாளர் நாயகத்துக்கு விண்ணப்பித்துவிடலாம்.